மூன்றாம் முறை யாரும் கேட்கவில்லை

தோகுமரு எய்சாகு எதையும் முதல் தடவையே ஏற்றுக்கொண்டதாக எங்கள் மிசாகி வார்டில் யாருக்கும் நினைவில்லை. தேநீர் வேண்டுமா என்றால் வேண்டாம் என்பார். பரவாயில்லை, குடியுங்கள் என்றால், உங்களுக்கு எதற்குச் சிரமம் என்பார். மூன்றாவது தடவை கோப்பையைக் கையிலேயே கொடுத்துவிட்டால், அப்படியென்றால் கொஞ்சம் என்று சொல்லிவிட்டுக் கடைசிச் சொட்டு வரை குடிப்பார். இதில் அவர் தனி ஆள் இல்லை. எங்கள் கடலோர ஊரான கனேஉராவில் முதல் மறுப்பு மரியாதை. இரண்டாவது மறுப்பு பணிவு. மூன்றாவது கேள்விக்குச் சொல்வதுதான் பதில். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் வாழ்கிறோம். தோகுமரு அதைக் கொஞ்சம் கூடுதல் சுத்தமாகச் செய்தார், அவ்வளவுதான்.

அவருடைய கல்யாணமே அப்படி நடந்தது. சம்பந்தம் பேச வந்தவர் இரண்டு தடவை வெறுங்கையோடு திரும்பினார். மூன்றாவது தடவை மழை பெய்திருக்கிறது. மழையில் இவ்வளவு தூரம் வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தோகுமரு சம்மதித்தார். மீனவர் சங்கத்தின் பனிக்கட்டி ஆலையில் மேற்பார்வையாளர் ஆனதும், ஓய்வுபெற்ற பிறகு எங்கள் வார்டுத் தலைவர் ஆனதும் இதே கணக்கில்தான். ஒரு மனிதனின் விருப்பம் வெளியே வர மற்றவர்கள் மூன்று முறை கேட்க வேண்டும் என்றால், அந்த விருப்பம் அவனுடையதா, கேட்டவர்களுடையதா? வார்டுச் செயலாளராக அவர் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பற்றி நான் யோசித்திருக்கிறேன். எங்கள் கூட்டங்களில் யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும்.

அவருடைய மனைவி சுமியேவுக்கும் இந்த வழக்கம் தெரியும். ஆனால் அவர் வேலை பார்த்த இடத்தில் இது செல்லாது. நகரச் சமூக நலச் சங்கத்தின் சார்பில் மலைமேல் இருக்கும் சிற்றூர்களுக்குப் போய், தனியாக வாழும் முதியவர்களைக் குளிப்பாட்டி, சமைத்து வைத்து, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வருவார். இடுப்பு விழுந்தவரிடம் மூன்று தடவை அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் குளிக்கும் தண்ணீர் ஆறிவிடும்.

எங்கள் வார்டில் இருந்த ஒரே பெட்ரோல் பங்க் மூடப்பட்டபோது, சுமியேவின் தம்பி தன்னுடைய பழைய மின்சாரக் காரை அவருக்குக் கொடுத்தார். பழைய பேட்டரி. வெயில் காலத்தில் மலைக்குப் போய்த் திரும்பிவிடும், பனிக்காலத்தில் பாதி வழியிலேயே முள் இறங்கிவிடும். தனி வீடு என்றால் சுவரில் ஒரு சொருகு போதும். நாங்கள் இருப்பதோ நகராட்சி அடுக்குக் குடியிருப்பு. தோகுமரு வீடு மூன்றாவது மாடி, வண்டி நிறுத்துமிடம் சாலைக்கு அந்தப் பக்கம். ஜன்னலிலிருந்து ஒயர் விடக்கூடாது என்று விதியே உண்டு. அதனால் சுமியே தினமும் வேலை முடிந்ததும் பக்கத்து ஊர்க் கடைத்தொகுதிக்குப் போய், அங்கிருக்கும் ஒற்றை இயந்திரத்துக்காக வரிசையில் காத்திருந்து, வீடு திரும்பும்போது ஊர் சாப்பிட்டு முடித்திருக்கும்.

இந்த நிலையில்தான் நகராட்சிக்கு இரண்டு பொது சார்ஜர்களுக்கு மானியம் வந்தது. மார்ச் முடிவதற்குள் பொருத்தியாக வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போய்விடும். எங்கே வைப்பது என்று முடிவு செய்ய ஆறு வார்டுத் தலைவர்களையும் செயலாளர்களையும் சமுதாயக் கூடத்துக்கு அழைத்தார்கள். கூட்டத்தை நடத்தியவர் திட்டப் பிரிவுக்குப் புதிதாக வந்த நிஷிவாகி என்ற பெண். ஒசாகாவிலிருந்து கல்யாணமாகி வந்தவர். ஒசாகாவில் வேண்டும் என்றால் வேண்டும் என்பார்கள், கூடவே விலையையும் குறைக்கச் சொல்வார்கள்.

"ரெண்டு மெஷின் வருது. எந்த வார்டுக்கு வேணும்? கூச்சப்படாம சொல்லுங்க" என்றார் நிஷிவாகி.

எல்லோரும் தரையைப் பார்த்தோம் என்று எழுதத் தோன்றுகிறது. உண்மையில் நாங்கள் தட்டில் வைத்திருந்த அரிசி வறுவலைப் பார்த்தோம். கடைசியில் ஹமநாகா வார்டுத் தலைவர் ஒகாசே தொண்டையைச் செருமினார். துறைமுகத்தில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவர், எங்கள் எல்லோரையும்விட வாய் உள்ளவர்.

"மிசாகிலதான் பெரிய குடியிருப்பு இருக்கு. தோகுமரு சான் வார்டுல வச்சா பொருத்தமா இருக்குமே."

"ஐயோ, எங்களுக்கு எதுக்குங்க?" என்றார் தோகுமரு. "ஹமநாகால துறைமுகம் இருக்கு. வெளியாளுங்க வந்து போற இடம். உங்களுக்குத்தான் முதல்ல."

"துறைமுகத்துல என்ன இருக்கு? பூனைங்கதான் இருக்கு. பூனைக்கு எதுக்கு சார்ஜரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நிஷிவாகியும் சிரித்துவிட்டு தோகுமரு பக்கம் திரும்பினார். "அப்ப மிசாகிக்கு வேணாமா தலைவரே?"

"எங்க சின்ன வார்டுக்கு அவ்வளவு பெரிய பொருளெல்லாம் எதுக்குங்க. மத்தவங்களுக்குக் கொடுங்க."

இதுவரை இரண்டு தடவை. தோகுமரு நிமிர்ந்து உட்கார்ந்து மூன்றாவதற்காகக் காத்திருந்தார். நிஷிவாகி ஏதோ குறித்துக்கொண்டு அடுத்தவரிடம் போய்விட்டார். மற்ற வார்டுகளும் இதே அழகில் விட்டுக்கொடுத்தன. இவ்வளவு சீக்கிரம் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை என்று எல்லோரும் அந்தப் பெண்ணைப் புகழ்ந்தார்கள்.

புகழ்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. எங்களைப் பொறுத்தவரை கூட்டம் இன்னும் முடியவில்லை. நிஷிவாகிக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்த இசுமிதா, கூட்டத்துக்குப் பிறகு ஒவ்வொரு தலைவர் வீட்டுக்கும் தனித்தனியாகப் போவார். மழை, பயிர், முட்டிவலி எல்லாம் பேசிவிட்டு, செருப்பு மாட்டும்போது, ஆமாம், அந்த விஷயம் என்று மூன்றாவது தடவையாகக் கேட்பார். கனேஉராவின் எல்லாத் திட்டங்களும் செருப்பு மாட்டும் இடத்தில்தான் முடிவாகியிருக்கின்றன. அதை எந்த அலுவலகக் கையேட்டிலும் எழுதி வைக்க மாட்டார்கள். எங்களில் யாரும் புது ஆளிடம் சொல்லவுமில்லை. சொல்வது அநாகரிகம்.

எங்கள் குடியிருப்பின் சுவர்கள் மெல்லியவை. நான் பக்கத்து வீடு. அன்று நடந்தது எனக்குக் கேட்டது.

"என்னங்க, என்ன ஆச்சு?"

"நல்லாப் போச்சு."

"நம்ம வார்டுக்கு வருதா?"

"வேண்டாம்னு சொல்லிட்டேன்."

பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "என்னது?"

"ரெண்டு தடவைதானே கேட்டாங்க. அந்தப் பொண்ணு வீட்டுக்கு வரும் பாரு. இசுமிதா வருவாரில்ல, அந்த மாதிரி."

"இசுமிதா ரிட்டயராகி அலைதடுப்புல உக்காந்து மீன் புடிச்சிட்டிருக்காரு. அவரு சொல்லிக் கொடுத்துட்டுப் போயிருப்பாருன்னு நினைக்கிறீங்களா?"

"ஆபீஸ்ல சொல்லாம இருப்பாங்களா?"

தோகுமரு மறுநாளே போய் நல்ல கடையில் சிவப்புப் பயறு இனிப்பு ஒரு கட்டி வாங்கி வந்தார், நிஷிவாகி வந்தால் வைப்பதற்கு. அது கெட்டுப்போகும் தேதி நெருங்கியதும் இருவரும் சாப்பிட்டு முடித்தார்கள். இன்னொன்று வாங்கினார். அதையும் சாப்பிட்டார்கள். சார்ஜர் வரும் முன்னே எனக்குச் சர்க்கரை வந்துவிடும் என்று சுமியே என்னிடம் மாடிப்படியில் சொன்னார்.

வீடு வீடாகக் கைமாறிப் போகும் அறிவிப்பு அட்டையில் வரைவுத் திட்டம் வந்தது ஜனவரியில். எல்லா வார்டுகளும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்த பண்பைப் பாராட்டி, இரண்டு இயந்திரங்களையும் நெடுஞ்சாலை ஓய்வகத்தில் வைக்க உத்தேசித்திருப்பதாக அதில் இருந்தது. ஓய்வகத்தில் யாரும் குடியிருக்கவில்லை. சுற்றுலாப் பேருந்துகள் நிற்கும், ஆட்கள் இறங்கிக் காய்ந்த கணவாய் வாங்குவார்கள், போய்விடுவார்கள். பொதுமக்கள் ஒரு மாதத்துக்குள் கருத்துச் சொல்லலாம் என்று கீழே ஒரு வரி. யாரும் சொல்லவில்லை. கேட்காமல் கருத்துச் சொல்பவர்கள் எங்கள் ஊரில் குறைவு. கேட்டால் கருத்தே இல்லை என்போம்.

அட்டை வந்த அதே வாரம் சமூக நலச் சங்கத்தின் மேலாளர் சுமியேவைக் கூப்பிட்டு, ஏப்ரலிலிருந்து மலைப்பாதையைப் பெட்ரோல் கார் வைத்திருக்கும் வேறொருவரிடம் கொடுக்கப்போவதாகச் சொன்னார். பனியில் ஒரு நாள் சுமியேவின் கார் வழியிலேயே நின்று, இழுவை வண்டி வர வேண்டியதாகியிருந்தது. அவருக்கு இனி சங்கத்துச் சமையலறையில் மதிய உணவு டப்பாக்களை நிரப்பும் வேலை. சார்ஜர் பக்கத்திலேயே இருக்கிறது என்றால் மறுபடி யோசிக்கலாம் என்றும் மேலாளர் சொன்னார். இதை அவர் ஒரே தடவைதான் சொன்னார். மேலாளரும் வெளியூர்.

சமையலறை மோசமான வேலை இல்லை. ஆனால் மலைமேல் மியோஷி என்று ஒரு பழைய தபால்காரர் இருந்தார். சுமியேவைத் தவிர வேறு யாரையும் குளிப்பாட்ட விடமாட்டார். மாற்றாக வந்த ஒரு பெண்ணின் காலணியை எடுத்து வாசலுக்கு வெளியே வைத்தவர். சுமியே இல்லாவிட்டால் அவரை அடிவாரத்து முதியோர் இல்லத்துக்குக் கொண்டுபோவார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அன்று சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் சத்தம் போடவில்லை. சுமியே நிதானமாகத்தான் சொன்னார்.

"நாளைக்கு நீங்க ஆபீஸ் போறீங்க. வேணும்னு சொல்றீங்க. அவ்வளவுதான்."

தோகுமரு போனார். கோட்டும் டையும் போட்டுக்கொண்டு போனார். திரும்பி வந்து நடந்ததை அவர் சொன்னபோது எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பிறகு சிரித்ததற்காக வருத்தமாகவும் இருந்தது.

"வாங்க தலைவரே, என்ன விஷயம்?" என்று நிஷிவாகி எழுந்து வந்திருக்கிறார்.

"ஒண்ணுமில்லம்மா. இந்தப் பக்கமா வந்தேன்."

"டீ குடிக்கிறீங்களா?"

"வேண்டாம்மா, வேண்டாம்."

"சரிங்க" என்று உட்கார்ந்துவிட்டார் அந்தப் பெண்.

தோகுமரு கொஞ்ச நேரம் சுவர்க் காலண்டரைப் பார்த்திருக்கிறார். "திட்டமெல்லாம் நல்லா வந்திருக்கு போல."

"எல்லாம் உங்க ஒத்துழைப்புதான். ஏதாவது மாத்தணுமா?"

"மாத்தறதா? சேச்சே. உங்களுக்கு எவ்வளவு வேலை!"

"அப்ப சரி" என்று நிஷிவாகி நன்றி சொல்லி வாசல் வரை வந்து குனிந்து வணங்கி அனுப்பியிருக்கிறார்.

"சொன்னீங்களா?" என்று கேட்டார் சுமியே.

"சொல்றதுக்குப் பக்கத்துல வந்துட்டேன்."

"அப்புறம்?"

"இந்தக் காலத்துப் புள்ளைங்களுக்கு மரியாதை தெரியல. ஒரு டீ கூடக் கொடுக்கல."

"வேணுமான்னு கேட்டாங்களா?"



மறுநாள் சுமியே வேலைச் சீருடையோடே அலுவலகத்துக்குப் போனார். உட்காரவில்லை. எங்கள் வார்டில் இதுவரை யாரும் ஒரு அரசு மேஜைக்கு முன்னால் சொல்லியிராததைச் சொன்னார்.

"எங்க குடியிருப்பு நிறுத்துமிடத்துல ஒரு சார்ஜர் வேணும். முக்கியமா எனக்கு வேணும்."

நிஷிவாகிக்கு ஒன்றும் புரியவில்லை. "ஆனா உங்க வீட்டுக்காரரு கூட்டத்துல ரெண்டு தடவை வேண்டாம்னாரே?"

"இன்னொரு தடவை கேட்டிருந்தா சரின்னிருப்பாரு."

"அப்ப முதல்லயே சரின்னு சொல்ல என்ன?"

"நீங்க எந்த ஊரு?"

"ஒசாகா."

"அதான்."

சுமியே எங்கள் வழக்கத்தை விளக்கினார். செருப்பு மாட்டும் இடத்தைப் பற்றியும் சொன்னார். நிஷிவாகி தலையில் கைவைத்துக்கொண்டார்.

"இதை யாராச்சும் எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேட்டிருக்கலாமே."

"கேட்டா சொல்லியிருப்பாங்களா?"

சுமியே கொஞ்சம் யோசித்து, "மூணாவது தடவை சொல்லியிருப்பாங்க" என்றார்.

நிஷிவாகி கெட்டிக்காரப் பெண். ஆறு வீட்டுக்கும் போய் மூன்றாவது தடவை கேட்டால் ஆறு வார்டும் சரி என்றுவிடும், இருப்பதோ இரண்டு இயந்திரம் என்று அவருக்கு உடனே பிடிபட்டது. ஒன்று ஓய்வகத்தில் இருக்கட்டும், இன்னொன்றை மிசாகிக்கு மாற்றிக் கூட்டத்தில் வைப்போம். யாருக்கு வேண்டும் என்று கேட்காமல், யாருக்கு ஆட்சேபணை என்று கேட்போம் என்றார்.

"யாரும் ஆட்சேபிக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க" என்றார் சுமியே. "ஆனா ஒருத்தர் மட்டும் வேண்டாம்னு சொல்லுவாரு."

"யாரு?"

"எங்க வீட்டுக்காரரு. அவருக்குக் கிடைக்கறதாச்சே."

இப்படியாக ஒரு நகராட்சியின் எரிசக்தித் திட்டம் ஒரு மனிதரின் நல்வளர்ப்பில் வந்து சிக்கி நின்றது. பெரிய தடைகள் பேராசையிலிருந்து வருவதாகத்தான் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அடக்கமும் அதே வேலையைச் செய்யும், அதுவும் யாரும் குறை சொல்ல முடியாதபடி செய்யும் என்று அவற்றில் இல்லை.

இரண்டாவது கூட்டத்தன்று காலை தோகுமரு காலணி மாட்டும்போது சுமியே பக்கத்தில் வந்து நின்றார். நானும் அவரோடு கிளம்ப வாசலில் நின்றிருந்தேன்.

"இன்னைக்கு உங்களை ஒரு தடவைதான் கேப்பாங்க. மீதி ரெண்டை இப்பவே நான் கேட்டுடறேன். சார்ஜர் வேணுமா?"

"என்ன விளையாட்டு இது, ஆள் நிக்கறாங்க..."

"வேண்டாம்னு சொல்லுங்க. பரவாயில்ல, சொல்லுங்க."

"சரி, வேண்டாம்."

"சார்ஜர் வேணுமா?"

"உனக்கு எதுக்கு வீண் சிரமம்."

"ஆச்சு. ரெண்டும் முடிஞ்சது. போயிட்டு வாங்க."

 பனியை வாரிச் சாலையோரம் குவித்திருந்தார்கள். சமுதாயக் கூட வாசலில் தோகுமரு என்னிடம், "இதெல்லாம் கணக்குல சேருமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னேன்.

நிஷிவாகி திட்டத்தை வாசித்தார். ஒரு இயந்திரம் ஓய்வகத்துக்கு, ஒன்று மிசாகி குடியிருப்புக்கு. "யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

யாருக்கும் இல்லை. இருந்தாலும் இல்லை. ஒருவர் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்தார். இன்னொருவர் அரிசி வறுவலை ஓசை வராமல் கடிக்க முயன்றார்.

அப்போது ஒகாசே சிரித்த முகத்தோடு இந்தப் பக்கம் திரும்பினார். "மிசாகிக்குன்னா எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். தோகுமரு சான், உங்களுக்குச் சம்மதம்தானே?"

வெளியூர்க்காரருக்கு இது வாழ்த்தாகக் கேட்கும். எங்களுக்கு இது திறந்துவிட்ட கதவு. தோகுமரு இந்த இடத்தில், ஐயோ, ஹமநாகாவை விட்டுவிட்டு நாங்களா என்று அந்தக் கதவு வழியாக வெளியே போயிருக்க வேண்டும். பிறகு ஒகாசே இரண்டு தடவை மறுத்துவிட்டு, சரி, எங்கள் துறைமுகத்திலேயே வையுங்கள் என்று உள்ளே வந்திருப்பார். எல்லோரும் அந்த "ஐயோ"வுக்காகக் காத்திருந்தோம். தோகுமருவின் வாயும் அந்த வடிவத்துக்குத் திறந்துவிட்டது. பக்கத்தில் இருந்த எனக்குத் தெரிந்தது. கை, முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"சம்மதம்" என்றார்.

மன்னியுங்கள் என்று சேர்க்கவில்லை. உங்கள் தயவில் என்றும் சொல்லவில்லை. வெறும் சம்மதம். நிஷிவாகி, "அப்ப முடிஞ்சது" என்று அவசரமாகத் தாள்களைச் சேர்த்துக்கொண்டார், யாராவது பேசிவிடுவார்களோ என்கிற மாதிரி.

"ஓ" என்றார் ஒகாசே. பிறகு, "அப்படியா. நல்லது" என்றார்.

கூட்டத்துக்குப் பிறகு வழக்கம்போல ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள கடையில் சாப்பிட்டோம். எங்கள் ஊரில் தனக்குத் தானே பீர் ஊற்றிக்கொள்பவன் இல்லை. அடுத்தவர் கோப்பை காலியானால் பக்கத்தில் இருப்பவர் நிரப்புவார். அன்று மற்ற எல்லோர் கோப்பையும் நிரம்பியது, தோகுமருவுடையது காலியாகவே இருந்தது. நான் பாட்டிலை எடுக்கக் கை நீட்டுவதற்குள் அவரே எடுத்து ஊற்றிக்கொண்டார். நுரை வழிந்தது. பழக்கமில்லை.

"தோகுமரு சானுக்கு இந்தக் காலத்து வேகம் வந்துடுச்சுப்பா" என்றார் ஒகாசே. "என்ன மெஷின் வாங்கினீங்க? வேகமா ஏத்துறதா?"

"இல்லங்க, மெதுவா ஏத்துறதுதான்" என்றார் தோகுமரு. "ராத்திரி முழுக்க ஆகும்."

யாரும் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பதற்காகச் சொல்லவும் இல்லை. இதைத் துணிச்சல் என்று எழுத எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஒரு மனிதர் தமக்குத் தேவையானதைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான் நடந்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த விலையையும் பார்த்தேன். ஒகாசே இப்போதும் அவரைப் பார்த்தால் முறையாக வணங்குகிறார், முன்னைவிடச் சற்று ஆழமாகவே வணங்குகிறார். எங்கள் ஊரில் அது நல்ல அறிகுறி அல்ல.

இயந்திரத்தை மார்ச் கடைசி வாரத்தில் அவசர அவசரமாகப் பொருத்தினார்கள். சமூக நலச் சங்கத்தின் ஏப்ரல் மாத வேலைப் பங்கீட்டில் மலைப்பாதைக்கு எதிரே சுமியேவின் பெயர் இருந்தது. தோகுமரு வாழ்த்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சுவர் வழியாக எதுவும் கேட்கவில்லை.

புது மாதத்தின் முதல் நாள் சுமியே மலைக்குப் போனார். மியோஷி தரையில் விரித்த மெத்தையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். ஏப்ரலிலிருந்து வேறு ஆள் வருவார் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"இனிமேலும் நான்தான் வருவேன்" என்றார் சுமியே. "குளிக்கலாமா?"

"வேண்டாம், வேண்டாம். இவ்வளவு தூரம் வந்து, உங்களுக்கு எதுக்கு இந்தச் சிரமம்" என்றார் மியோஷி. சொல்லிக்கொண்டே சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார்.